தம்பிப் பாப்பா ரூமுக்கு ஒரு விளக்கு

கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி முடித்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது தவமணிக்கு உறைத்தது. பலூனின் கழுத்துதான். நெல்லிக்காய் அளவுக்கு ஊதி முடிச்சுப் போட்ட குட்டி பலூன். அதன் மேல் பசையில் ஊறிய வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் காயவைத்து, உள்ளே இருக்கும் பலூனை ஊசியால் குத்தி உருவிவிட்டால் நூல் மட்டும் உருண்டையாக நிற்கும். அதற்குள் ஒரு அரிசி பல்பைத் தொங்கவிட்டால் பொம்மை வீட்டுக்கு விளக்கு ஆயிற்று. ஹாலுக்கு, அடுப்படிக்கு, மாடிப்படிக்கு, அம்மா அப்பா ரூமுக்கு என்று செய்து முடித்தவை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்தில் இரண்டு சுற்றுதான், விளக்குக்கு வாய் கெட்டியாக நிற்க வேண்டுமே. அப்போதெல்லாம் தோன்றாதது இந்தக் கடைசி விளக்குக்குத் தோன்றிவிட்டது, ஏனென்றால் இது தம்பிப் பாப்பா ரூமுக்கு. தங்கச்சி மகள் மதி ஸ்கூல் வேனில் ஏறும்போது போட்ட உத்தரவு. “மாமா, தம்பிப் பாப்பா ரூமுக்கும் லைட் போடணும், மறந்துராத, இருட்டுல அழுவான்ல.” தம்பியா தங்கச்சியா என்று யாருக்குத் தெரியும், அவளாகவே தம்பி என்று முடிவு கட்டிவிட்டாள். தம்பியோ தங்கச்சியோ, அது இந்த நேரம் ஆஸ்பத்திரியில் பிறந்துகொண்டிருக்கிறது, அல்லது பிறக்க முடியாமல் கிடக்கிறது. அதன் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருப்பதாகப் போன வாரம் ஸ்கேனில் சொன்னார்கள். தவமணியின் விரல்கள் நூலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டன.

நாலில் ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னால் பயம் போய்விடுமா. டாக்டரம்மாவுக்கு அது கழுத்தில் சுற்றிய கொடி, அவ்வளவுதான். அம்மாவுக்கு அது மாலை. மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது. அருப்புக்கோட்டையில் எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்லுவார்கள். அதற்குப் பரிகாரமும் சொல்லுவார்கள்: கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பிள்ளையை மேலே தூக்கிப் பிடித்து, மாமன்காரன் அந்த எண்ணெயில்தான் முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், நேரே பார்த்துவிடக் கூடாது. காலையில் தங்கச்சி இந்துராணிக்கு வலி எடுத்து ஆட்டோவில் ஏற்றியபோது தவமணியும் செருப்பை மாட்டினான். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு வாசலை மறித்தாள். “நீ எங்க வார? நீ வரக்கூடாதுடா. நா கூப்புடும்போது வந்தாப் போதும்.” கூடையில் பிளாஸ்க்குக்கும் பழைய சேலைக்கும் நடுவில் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பக்கத்திலேயே எண்ணெய் பாட்டில். “இந்தக் காலத்துல போயி இதெல்லாம்…” என்று அவன் இழுத்தான். இழுத்தானே தவிர ஏறவில்லை. ஆட்டோ திரும்பும்போது இந்துராணி பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு அவனைப் பார்த்தாள். வாண்ணே என்பது மாதிரியும் இருந்தது, வராதே என்பது மாதிரியும் இருந்தது. பைக்கை எடுத்தால் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். அவன் உள்ளே வந்து பசையைக் கலக்க உட்கார்ந்துவிட்டான்.

இதே தவமணிதான் போன கிரகணத்தன்று டீக்கடை வாசலில் நின்று, எல்லாரும் பார்க்க, வானத்தை நிமிர்ந்து பார்த்தபடி மூன்று உளுந்தவடை தின்றவன். ரேடியோ செட்காரன். திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்ட அவன் ஏறாத கோபுரம் இல்லை, கை வைக்காத கரண்டுக் கம்பி இல்லை. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு, சாமி தன் வெளிச்சத்தில்தான் வருகிறது என்று ஒரு திமிர் வந்துவிடும் போல. பூனை குறுக்கே போனால் அவன் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக ஓட்டிப் போவான். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசிவிட்டு இப்போது ஒரு பலூனின் கழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறான். பயமே இல்லாத இடத்தில் வீரம் பேசுவது எவ்வளவு லேசு. இடது தோளில் ஒரு வலி ஓடியது. முந்தாநாள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைத்த வலி, வேறொன்றுமில்லை. முந்தாநாள் தூக்கியது வலது கையாலா இடது கையாலா? வலது கையாலாக இருந்தால் இடது தோள் ஏன் வலிக்க வேண்டும்? முப்பத்தெட்டு வயசெல்லாம் ஒரு வயசா. ஆனால் குருசாமி மாமாவுக்கு இருபத்திரண்டு. குருசாமி மாமாவை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து நூலையே பார்த்துக்கொண்டிருக்கிறான், நினைக்கக் கூடாது என்று நினைத்தால் நினைப்பு அங்கேதான் போய் நிற்கும்.

சுவரில்தான் இருந்தார் குருசாமி மாமா. அம்மாவின் ஒரே தம்பி. அரும்பு மீசை, பெரிய காலர், கேமராவைப் பார்க்கச் சொன்னால் கேமராக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற முகம். படத்துக்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு இரவும் பகலும் எரியும். இன்றைக்கு எரியவில்லை. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிற நாள் இன்றைக்குத்தானா வர வேண்டும். அந்த பல்பு ஃபியூஸ் போகப் போக மாற்றுவது சின்ன வயசிலிருந்து தவமணியின் வேலை. வேறு யாரும் மாற்ற அம்மா விட மாட்டாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பழைய பல்பைத் திருகி எடுத்து, புதுசைத் திருகி, எரிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கும்போது ஒவ்வொரு முறையும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். ஏனென்றால் தவமணியும் மாலை சுற்றிப் பிறந்தவன். அவன் பிறந்த ஒரு மாதத்துக்குள் மாமா கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து உள்ளேயே போய்விட்டார். எண்ணெயில் பார்க்கப் பொறுக்காமல், ஆசைப்பட்டு, துணியை விலக்கி நேரே முகம் பார்த்துவிட்டாராம், அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லும், அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாள். பார்த்தது மாமா, முழுங்கினது மருமகன். மாமனை முழுங்கினவன். இந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது, கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடுகிறவர் வரைக்கும் தெரிந்திருந்தது. காது குத்துக்கு மாமன் மடி வேண்டுமே, அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்கள். அவர் மடியில் உட்கார வைத்துக்கொண்டார், ஆனால் கடைசி வரை முகத்தைப் பார்க்கவில்லை, பந்தல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி ஊசியைக் குத்தியதுகூட மறந்துவிட்டது. திரும்பியிருந்த அந்த முகத்தின் காதோரம், அங்கே கிடந்த ஒரு மரு, அது மறக்கவில்லை.

தவமணி நூலை அவிழ்க்க ஆரம்பித்தான். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் அவிழ்த்தான். இங்கே அவிழ்த்தால் அங்கே அவிழுமா? அவிழாது. இங்கே சுற்றினால் அங்கே இறுகுமா? இறுகாது. அப்படியானால் அவிழ்ப்பதால் ஒரு நஷ்டமும் இல்லையே, அவிழ்த்துவிட்டுப் போகலாமே. பசை பாதி காய்ந்து நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்துச் சுற்றைக் கழற்றப் போனால் வயிற்றுச் சுற்று இழுத்தது, வயிற்றைத் தளர்த்தினால் கழுத்து இறுகியது. பலூன் அங்கே கொஞ்சம் பிதுங்கியது. ஐயோ, மெதுவாக. நகத்தால் நெம்பினான். நகத்தில் பசை ஏறி அதுவும் நூலோடு சேர்ந்துகொண்டது. கத்தரியால் வெட்டிவிடலாம், ஆனால் பலூனில் பட்டு டப்பென்று வெடித்துவிட்டால்? இந்த நேரத்தில் எதுவும் வெடிக்கக் கூடாது. ஜன்னலில் காய்கிற மற்றவற்றையும் இன்னும் ஊசியால் குத்தாமல்தான் வைத்திருந்தான். அவை காலையிலேயே காய்ந்துவிட்டன. குத்துவதற்கு ஊசியை எடுத்து, வைத்து, எடுத்து, தங்கச்சி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவன் கண்ணுக்கு வெளுத்ததும் பேயாக இருந்தது. வெள்ளை நூல், வெள்ளைப் பசை. பிள்ளை பிறக்கும்போது மேலெல்லாம் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்குமாமே. மதி பிறந்தபோது இந்துராணி சொன்னாள். மதி பிறந்தபோது அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல் ஆளாக நின்றான். அவள் காது குத்துக்கு அவன் மடியில்தான் உட்கார்ந்தாள். அவள் அழுததைவிட இவன் அழுதது ஜாஸ்தி என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன் அடித்தது. நூல் சிக்கிய கையோடு மற்ற கையால் எடுத்தான். அம்மாதான். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம். “தவமணி, பிள்ளைக்குத் துடிப்பு குறையுதாம்டா. தியேட்டருக்குக் கொண்டுபோறாக. மாப்பிள கையெழுத்துப் போட்டுட்டாரு.” “இந்து எப்படி இருக்கா?” “என்னத்தச் சொல்ல. நீ வராத. வீட்டுலயே இரு. சாமியக் கும்பிடு.” “நா வாரேம்மா.” “வராதன்னு சொல்றேன்ல! ஒன்னையும் குடுக்க முடியாதுடா என்னால.” வைத்துவிட்டாள். ஒன்னையும். அந்த ‘யும்’ காதிலேயே நின்றது. குருசாமியைக் கொடுத்தாள், இப்போது இவனையும் கொடுக்க முடியாது. கொடுக்க வைத்தது யார்? இவன்தான். இப்போது இவனைக் கேட்பது யார்? இன்னும் முகம் தெரியாத அந்தச் சின்ன உயிர், துடிப்புக் குறைந்துகொண்டிருக்கிற உயிர். குறைவது என்றால் எவ்வளவு? ஆம்ப்ளிஃபயரில் சத்தம் குறைகிற மாதிரியா, ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து மூச்சு வாங்கி வாங்கி நிற்குமே அப்படியா? அது நிற்பதற்கு முன்னால் பல்பெல்லாம் ஒருமுறை மங்கிப் பிறகு பளிச்சென்று எரியும், பார்த்திருக்கிறான். எரிந்ததும் எல்லாரும் அப்பாடா என்பார்கள், அடுத்த நொடி இருட்டு. வேண்டாம். அது வேண்டாம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருஷம் காசு வாங்காமல் லைட் போடுகிறேன் என்று வாய் தானாகச் சொன்னது. கிரகணத்தில் வடை தின்ற வாய்.

அப்போதுதான் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக அவனுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை பிறக்காமலே போய்விட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். வந்தது, போய்விட்டது. ஆனால் வந்துவிட்டது. சீ. சீ, என்ன மனுஷன் நான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் சுவரில் மாமா இருக்கிறார், இருட்டில் இருக்கிறார். மாமாவும் இப்படி ஒருமுறையாவது நினைத்திருப்பாரா? அக்காளின் பிள்ளையை? நேரே துணியை விலக்கிப் பார்த்தவர் எப்படி நினைத்திருப்பார். அவர் பயப்படாத ஆள். பயப்படாததால் செத்த ஆள். நான் பயந்து பயந்து பிழைக்கிற ஆள். இத்தனை வருஷம் என்னை மாமனை முழுங்கினவன் என்றபோதெல்லாம் நாலு மூட நாய்கள் குரைக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுவேனே, இப்போது இந்தப் பிள்ளையைப் பார்த்து நான் பயந்தால், அவர்கள் சொன்னது நிஜம் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரிதானே. எண்ணெயில் குனிந்து பார்த்தால், ஆமாம், நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நேரே பார்த்தால், பார்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்றால் ஏன் நெஞ்சு இப்படி அடிக்கிறது. நாளைக்கே கம்பத்தில் ஏறும்போது கை நழுவினால், ஊர் என்ன சொல்லும்? அந்தப் பிள்ளையைத்தான் சொல்லும். பள்ளிக்கூடத்தில் சொல்லும், பந்தியில் சொல்லும். அந்தப் பிள்ளைதான் ஸ்டூல் போட்டு ஏறி என் படத்துக்கு பல்பு மாட்டும்.

அவிழ்த்த நூலை அவன் மறுபடி சுற்ற ஆரம்பித்தான். சும்மா இருந்தால் நினைப்பு கொன்றுவிடும், கைக்கு வேலை வேண்டும். முதலில் நடுவயிற்றில், பிறகு சாய்வாக, பலூனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி. ரொம்ப நெருக்கமாகச் சுற்றினால் வெளிச்சம் வராது, இடம் விட்டுச் சுற்றினால் பலூனை எடுத்ததும் சரிந்துவிடும். கழுத்துப் பக்கம் வரும்போதெல்லாம் நூல் தானாக விலகிப் போயிற்று. வாய் இல்லாத விளக்கு எப்படி நிற்கும் என்று மதி கேட்பாள், கேட்கட்டும். வெளியே பழவண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். எதிர்வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைக்கிற சத்தம், தப், தப், தப். அதை எண்ணக் கூடாது. அது நின்றால் அதையும் ஏதோ அர்த்தம் என்று நினைக்கக் கூடாது. அது நின்றது. வாளியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மறுபடி தப், தப். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துவைக்கிற அந்த அம்மாளின் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை வேறு சத்தம், வீடியோ கால். திரையில் தங்கச்சி மாப்பிள்ளை செந்தூர்பாண்டியின் பெயர். இரண்டு கையும் நூலும் பசையுமாக இருந்ததால் போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்து முழங்கையால் தள்ளினான். “மச்சான்! மச்சான்! பையன் மச்சான்!” செந்தூர்பாண்டி சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை, மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. “ரெண்டு பேரும் நல்லா இருக்காக. கொடிய வெட்டுனதும் என்னா கத்து கத்துறான்னு… இந்தா பாருங்க மச்சான், உங்க மருமகன—” திரையில் ஆஸ்பத்திரிச் சுவர் ஓடியது, விட்டத்து ஃபேன் ஓடியது, ஒரு வெள்ளைத் துணி வந்தது. “ஐயோ மாப்பிள, போனைத் திருப்புங்க! மாமன் பாக்கக் கூடாது! தவமணி, கண்ணை மூடுடா!” அம்மாவின் குரல் வராந்தாவையே கிழித்தது. அவன் முடிவெடுக்கவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. இறுக்கி மூடிக்கொண்டது. காலையிலிருந்து யோசித்த யோசனை, வாதம், எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, இமை அதன் பாட்டுக்குப் பயந்துவிட்டது. இருட்டுக்குள் பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தந்தி அறுந்த மாதிரி மெல்லிசாக, கோபமாக. மருவோடு கூடிய ஒரு காது அவன் ஞாபகத்தில் திரும்பி நின்றது, பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு.

“மூடிட்டியா? மூடிட்டியாடா?” “மூடிட்டேம்மா.” “தொறக்காத. கெளம்பி வா. எண்ணெ எடுத்து வச்சிருக்கேன். நம்ம குருசாமி மாதிரி…” அவள் நிறுத்திவிட்டாள். “மாமா மாதிரி அவசரப்பட்டு நேரே பாத்துராதங்கிற, அதான?” பிள்ளை கத்தியது. பிறகு அம்மா, போனைக் கையில் வாங்கிக்கொண்டாள் போல, வாயை ஒட்டி வைத்துப் பேசினாள். “அவன் எண்ணெயிலதான்டா பாத்தான்.” “என்னது?” “குருசாமி எண்ணெயிலதான் பாத்தான். நாந்தான் கிண்ணத்தப் புடிச்சிருந்தேன். ஒழுங்காப் பாத்தான். பயந்தாங்கொள்ளிப் பய, ரெண்டு தடவ பாத்தான், ஒரு தடவ பத்தாதுன்னு. அப்படியும் போயிட்டான்.” “பின்ன எதுக்கும்மா இத்தன வருஷமா நேரே பாத்தான், நேரே பாத்தான்னு…” “நேரே பாத்துச் செத்தான்னாத்தானடா, எண்ணெயில பாத்தாப் பொழைக்கலாம்னு ஆகும். நாளப்பின்ன உனக்கும் ஒரு மருமகன் வருவானேன்னு… எனக்கு வேற என்னடா செய்யத் தெரியும்?” அவள் விசும்புவது கேட்டது. தவமணிக்கு ஒரு கணம் பயம் இரண்டு மடங்காயிற்று. எண்ணெயும் இல்லை என்றால் பிறகு என்னதான் இருக்கிறது, கையில் பிடிக்க ஒன்றுமே இல்லையே. அடுத்த கணம் மாமாவின் முகம் வந்தது. சிரிக்கிற படம் இல்லை, எண்ணெய்க் கிண்ணத்துக்கு மேல் குனிந்து, ஒருமுறை பத்தாது என்று இன்னொருமுறை பார்க்கிற அரும்பு மீசைப் பையன். மாமாவும் பயந்துதான் இருந்திருக்கிறார். பயந்துகொண்டே பார்த்திருக்கிறார், என்னைத்தான்.

தவமணி கண்ணைத் திறந்தான். அம்மா வாயருகே பிடித்திருந்த போனின் பின் கேமரா பிள்ளை பக்கமே இருந்தது; திரையில் துணிக்குள் ஒரு சிவந்த முகம், மூக்கு சப்பை, நெற்றியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பிள்ளையும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருந்தது. “வாடா மருமகனே,” என்றான். “ஐயோ பாத்துட்டியாடா!” “பாத்துட்டேன். அம்மா, ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்கு நாளைக்கோ, அம்பது வருஷம் கழிச்சோ, எது ஆனாலும் இவனாலன்னு யாரும் சொல்லக் கூடாது. நீ முதல்ல சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு.” “உன்னையும் ஊரு அப்படிச் சொல்ல விட்டுருக்கக் கூடாதுடா நானு,” என்றாள் அம்மா. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “சாப்ட்டியா?” என்றாள்.

கையைக் கழுவியும் பசை முழுக்கப் போகவில்லை. கடைசி விளக்கை மற்றவற்றோடு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான், கழுத்தில் நிதானமாக இரண்டு சுற்று சுற்றித்தான் தொங்கவிட்டான். வேன் வருவதற்குள் மதியையும் ஸ்கூலிலேயே போய்க் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தவனுக்கு நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. திரும்பி உள்ளே போனான். வாங்கிய நாளிலிருந்து பரணில் கிடந்த ஹெல்மெட்டை இறக்கி, தூசியைத் தட்டி, தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டினான். இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான், ஒரு தடவை பத்தவில்லை.